அரசுகளுக்கு தலைவலி கொடுத்த கேமரா! யார் இந்த ஜான் பில்ஜர்?

போர் நடக்கிற இடத்துக்கே போய், அரசாங்கம் மூடி மறைத்ததை படம் பிடித்துக் காட்டியவர் ஜான் பில்ஜர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1939-ல் பிறந்தார். 2023 டிசம்பர் 30-ந் தேதி லண்டனில் 84 வயதில் இறந்தார்.

1963-ல் லண்டனில் 'டெய்லி மிரர்' பேப்பரில் சேர்ந்தார். தொழிலாளிகள் அதிகம் வாங்கிப் படித்த பேப்பர் அது. பிரிட்டனின் சிறந்த பத்திரிகையாளர் விருது 2 முறை (1967, 1979) இவரைத் தேடி வந்தது.

வியட்நாமில் அமெரிக்க சிப்பாய்களே போர் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பதை 1970-ல் தனது முதல் ஆவணப்படத்தில் காட்டினார். லண்டனில் இருந்த அமெரிக்க தூதர் கொதித்துப் போய் புகார் கொடுத்தார்!

கேட்காமலே குவிந்த பணம்

கம்போடியாவில் போல் பாட் ஆட்சியில் (1975-79) 15 லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தனர். மிச்சம் இருந்தவர்களும் பட்டினியில் துடித்ததை 1979-ல் டி.வி.யில் காட்டினார். உதவி கேட்டு படத்தில் வேண்டுகோள் எதுவும் இல்லை. ஆனாலும் சாதாரண ஜனங்கள் அனுப்பிய பணம் கோடிக்கணக்கில் குவிந்தது.

தீவையே காலி செய்த கதை

கன்னியாகுமரிக்கு தெற்கே சுமார் 1,800 கி.மீ. தூரத்தில் கடலுக்கு நடுவே இருக்கிறது டீகோ கார்சியா தீவு. அமெரிக்க ராணுவ தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை இந்த சாகோஸ் தீவுக்கூட்ட மக்கள் எல்லோரையும் பிரிட்டன் வெளியேற்றியது. அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விஷப்புகை போட்டு கொன்றார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் மொரீசியஸ், செஷல்ஸ் நாடுகளில் வறுமையில் வாடினர்.

'அங்கே சொந்தமா குடியிருக்கிறவங்க யாரும் இல்ல, வந்து போற கூலி ஆட்கள்தான்' என்று உலகத்தை நம்ப வைக்க அதிகாரிகள் போட்ட திட்டம் பிரிட்டனின் பழைய கோப்புகளிலேயே இருந்தது. அந்த கோப்புகளையும், தீவு மக்களின் கண்ணீரையும் சேர்த்து 2004-ல் படமாக்கினார் பில்ஜர். இதுதான் இவர் பாணி. ஒரு கையில் அரசாங்க காகிதம், எதிரே பாதிக்கப்பட்டவர், அப்புறம் அதிகாரியிடம் நேருக்கு நேர் கேள்வி!

இதே தீவில்தான் 2021-ல் படகு பழுதாகி வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் 3 வருடம் கூடாரத்தில் தவித்தனர். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரிட்டன் போய்ச் சேர்ந்தனர்.

'ஒரு பக்கமாவே பேசுறார்' என்று பில்ஜர் மீது விமர்சனமும் உண்டு. தான் எந்தப் பக்கம் என்பதை அவர் மறைத்ததே இல்லை. 50-க்கும் மேற்பட்ட ஆவணப்படங்கள் எடுத்தார்.

சாகோஸ் தீவுகளை மொரீசியசுக்கு கொடுக்க 2025 மே மாதம் பிரிட்டன் ஒப்பந்தம் போட்டது. அதிலும் டீகோ கார்சியாவில் ராணுவ தளம் 99 வருடம் தொடரும் என்று எழுதி வைத்துள்ளனர். அதைப் படம் பிடிக்க பில்ஜர் இல்லை. ஆனால் சொந்த மண்ணை இழந்த அந்த ஜனங்களின் சாட்சி, அவர் எடுத்த படத்தில் அப்படியே இருக்கிறது.