குதிரையைக் கொடுத்து ஆடும் ஆட்டம்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போடிநாயக்கனூரினின்று மேற்கே நோக்குவோர்க்கு மலை தென்படுவதில்லை; மேகமே தென்படும். பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தாலோ, பத்தடி தூரத்தில் நிற்பவர் முகமும் மூடுபனியில் மறைந்துவிடும். அத்தகைய நாட்களில் ஏலத்தோட்டங்களில் வேலை நின்றுபோக, வீட்டினுள் அடைபட்டோர் சதுரங்கப் பலகையை எடுத்து விரிப்பதுண்டு.

பல்லாண்டுகட்கு முன்னர், நாம் மாணாக்கராயிருந்த காலத்தில், அம்மலைச் சரிவிலுள்ள ஒரு தோட்ட வீட்டில் விடுமுறையைக் கழித்தோம். அங்கே சகோதரர் இருவர் ஆடிய ஆட்டமொன்று இன்றும் நம் நினைவை விட்டு அகலவில்லை. வெள்ளைக் காய்களைக் கொண்டு ஆடிய இளையவர், நான்காம் நகர்த்தலிலேயே தமது குதிரையைக் கொண்டுபோய் எதிரியின் அரசனுக்கு இரையாக வைத்தார்.

"தம்பி, கண்ணை மூடிக்கொண்டா ஆடுகிறாய்?" என்றார் மூத்தவர்.

"இல்லை, அண்ணா. கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தேன்."

"அப்படியானால் கணக்கைச் சொல். ஒரு குதிரைக்கு எத்தனை சிப்பாய் பெற்றாய்?"

"இரண்டு" என்றார் இளையவர். ஆட்டத்தில் மூத்தவரே வென்றார். ஆயினும் அவர் கேட்ட வினா ஆட்டத்தினும் பெரிதென்பதைப் பிற்காலத்தில் உணர்ந்தோம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அத்தொடக்கம் இன்னதென்று காண்போம். இரு திறத்தாரும் அரசன் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகின்றனர். வெள்ளைக் குதிரை வெளிவந்து கறுப்புச் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பர் தமது சிப்பாயைக் காவாது, தாமும் ஒரு குதிரையை வெளிக்கொணர்ந்து வெள்ளைச் சிப்பாயைத் தாக்குகிறார். இது ருஷிய தேசத்துப் பெட்ரோவ் என்பார் பெயரால் வழங்கும் தற்காப்பு. வெள்ளைக் குதிரை அச்சிப்பாயை வெட்ட, கறுப்பர் அரசி முன் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அக்குதிரையை விரட்டுகிறார். இவ்விடத்துக் குதிரை பின்வாங்குதலே வழக்கம். துணிந்தவரோ பின்வாங்காது, அரசனை ஒட்டி நிற்கும் சிப்பாயின் மேற் குதிரையைப் பாய்ச்சுகிறார். அங்கிருந்து அது அரசியையும் யானையையும் ஒருங்கே தாக்குவதால், அரசனே வெளிவந்து அதனை வெட்ட வேண்டியதாகிறது.

இப்பொழுது வரவு செலவைப் பார்ப்போம். குதிரையின் மதிப்பு ஏறக்குறைய மூன்று சிப்பாய்கள் என்பர். வெள்ளையர் பெற்றவை இரண்டு. ஆகவே நஷ்டம் ஒரு சிப்பாயளவே. அதற்கு ஈடாகக் கறுப்பரசன் கோட்டை கட்டும் உரிமையை இழந்து வெளியில் நிற்கிறான். பலகையின் நடுவில் வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேற வழி திறக்கிறது. இவ்வாறு ஒன்றை ஈந்து வேறொன்றைத் தேடும் தொடக்கத்தைக் காம்பிட் என்பர்.

இக்காம்பிட் ஜான் காக்ரேன் என்பாரின் பெயரால் வழங்குகிறது. ஸ்காத்லாந்து தேசத்தவராகிய இவர் (1798–1878) 1822-ஆம் ஆண்டிலேயே சதுரங்கத்தைப் பற்றி நூலொன்று வெளியிட்டவர். பின்னர்க் கல்கத்தாவில் பாரிஸ்டராய்த் தொழில் புரிந்தவர். அந்நகரில் அவர்க்கு வாய்த்த எதிராளி, வங்காளத்து நாட்டுப்புறத்தினின்று வந்த மகேச சந்திர பானர்ஜி என்னும் அந்தணர். 1848-ஆம் ஆண்டில் இவருக்கெதிராகவே காக்ரேன் இக்குதிரைப் பலியை ஆடினார். பரிசும் பட்டமுமின்றி இவ்விருவரும் பல்லாண்டுகள் ஆடிய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கானவை.

இவற்றால் கற்றவர் ஒருவர் மட்டுமல்லர். பழைய இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். அம்முறையிற் பழகிய பானர்ஜி, ஐரோப்பிய விதிப்படி ஆடும்போதும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, மந்திரியைப் பக்கவாட்டில் நிறுத்தி, எதிரி நடுவிடத்தைப் பிடிக்க விட்டுப் பின்னர்த் தாக்குவார். 1855-ஆம் ஆண்டில் அவர் காக்ரேனை வென்ற ஆட்டமொன்றின் தொடக்கமே, 1922-ஆம் ஆண்டில் ஆஸ்திரியராகிய எர்ன்ஸ்ட் குருன்பெல்டு ஆடியதன் பின்னர் அவர் பெயரால் உலகெங்கும் பரவியது. 'இந்தியத் தற்காப்பு' என்னும் பெயர்கள் சதுரங்க நூல்களில் நிலைத்ததற்கும் பானர்ஜியின் ஆட்டங்களே காரணமாகக் கூறப்படுகின்றன.

காக்ரேனின் குதிரைப் பலி சரியானதுதானா? கணிப்பொறிகள் கறுப்புக்கே மேன்மை என்று தீர்ப்பளிக்கின்றன. எனினும் 1999-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து லினாரஸ் நகரில், தொபாலவ் என்னும் பல்கேரியப் பெருவீரர் இதனைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடி, ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தார். எனவே இஃது அறவே தவறுமன்று; அச்சமற்றதுமன்று. இழக்கும் அளவை முன்னறிந்தவன் ஆடத்தக்க ஆட்டம் இது என்பதே பொருந்தும்.

அவ்வளவை அறியும் பயிற்சி எங்கே கிடைக்கும்? தோற்றாற் கேடில்லாத இடத்திலேதான். சகோதரரிடமோ நண்பரிடமோ ஆடும் ஆட்டத்தில் ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் இழப்பதற்கு ஒன்றுமில்லை. வென்றவரே தவற்றையும் எடுத்துக் காட்டுவார். காக்ரேனும் பானர்ஜியும் புதியன கண்டது அத்தகைய ஆட்டங்களில் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது.

ஏலமலைச் சரிவுகளிலோ தோல்வியின் விலை வேறு. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் அடுத்து வந்த வறட்சியையும் தொடர்ந்து விளைச்சல் குன்றவே, 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அது கண்டு பலர் கடன் வாங்கிப் புதுநடவு செய்தனர். ஏலச்செடியோ நட்ட மூன்றாம் ஆண்டிலேதான் பலன் தரத் தொடங்கும். அப்பலன் கைக்கு வந்த 2022-ஆம் ஆண்டில் விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது.

நாம் முன்பு கூறிய சகோதரர் இருவரும் அக்காலத்தில் அத்தோட்டத்தையே கவனித்து வந்தனர். தோட்டத்தை அடகு வைத்துப் பக்கத்து நிலத்திலும் நடவேண்டுமென்று 2019-இல் இளையவர் சொன்னபோது, மூத்தவர் மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. "தம்பி, ஒரு குதிரைக்கு எத்தனை சிப்பாய்?" என்று மட்டும் கேட்டாராம். இளையவர் அன்றிரவு கணக்கெழுதினார். விலை பாதியாகக் குறைந்தாலும் கடன் அடையும். ஆறில் ஒன்றாகக் குறைந்தால் தோட்டமே போகும் என்று கண்டார். ஆகவே கையிருப்புக்குத் தக்க அளவில் மட்டும் நட்டனர். விலை வீழ்ந்தபோது நட்ட செலவு நஷ்டமாயிற்று, தோட்டம் நின்றது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்பது நம் கலாசாலைச் சிற்றாலயத்திற் பலமுறை கேட்ட உவமை. அழிவையும் ஆக்கத்தையும் எண்ணிச் செய்க என்பது வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை'யில் காட்டும் நெறி. இவ்விரண்டும் துணிவைத் தடுப்பன அல்ல. துணிவையும் சூதையும் பிரித்துக் காட்டுவன. இளையோர் குதிரையைக் கொடுத்து ஆடட்டும். ஆனால் கொடுக்குமுன், எத்தனை சிப்பாய் என்று கேட்க ஒரு தமையனை அருகில் வைத்துக்கொள்ளட்டும். இல்லையேல் தம்மைத் தாமே கேட்கப் பழகட்டும்.