இரண்டின் வர்க்கமூலம்

ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அகலம் 210 மில்லிமீட்டர். அதன் நீளத்தைப் பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. அவ்விகிதம் 2-இன் வர்க்கமூலத்தை ஒட்டி அமைந்திருப்பதே இதற்குக் காரணம். இந்த எண் 1.41421356... என முடிவின்றி நீளும். எந்தப் பின்னமும் இதற்குச் சரிசமமாகாது. எனவே, இதற்கு நெருங்கிய மதிப்பை மட்டுமே பின்னமாகவோ தசமமாகவோ எழுத இயலும்.

அம்மதிப்பைக் காணப் பழைமையான முறை ஒன்று உண்டு. முதலில் ஓர் எண்ணை ஊகிக்க வேண்டும். 2-ஐ அந்த எண்ணால் வகுத்து, ஈவுக்கும் ஊகித்த எண்ணுக்கும் சராசரி காண வேண்டும். ஊகித்த எண் சிறியதானால் ஈவு பெரியதாகும். உண்மையான விடை அவ்விரண்டிற்கும் இடையில் இருக்கும். 1-இல் தொடங்கினால் 3/2, 17/12, 577/408 என விடைகள் கிடைக்கும். பண்டைய இந்தியாவின் சுல்ப சூத்திரங்கள் கூறும் மதிப்பும் 577/408-க்குச் சமமானதே. இதில் 5 தசம இடங்கள் சரியாக உள்ளன. அடுத்த படியில் 11 இடங்கள் சரியாகிவிடும்.

மற்றொரு முறை தொடர் பின்னம். இதில் ஒரு பின்னத்தின் பகுதிக்குள் இன்னொரு பின்னம், அதற்குள் மற்றொன்று எனத் தொடரும். இதை இடையிடையே நிறுத்திச் சுருக்கினால் 1/1, 3/2, 7/5, 17/12, 41/29, 99/70 ஆகியவை வரிசையாகக் கிடைக்கும். ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் அடுத்த பின்னத்தின் பகுதி வரும். அதனுடன் பழைய பகுதியைக் கூட்டினால் புதிய தொகுதி வரும். 99/70-இன் தொகுதியையும் பகுதியையும் 3-ஆல் பெருக்கினால் 297/210 ஆகும். அதுவே ஏ4 தாளின் அளவு!

இவ்விரு முறைகளையும் சில வரிகளிலேயே கணினி நிரலாக எழுதலாம். ஆயினும், ஓர் எச்சரிக்கை தேவை. கணினி வழக்கமாகத் தசம எண்களில் ஏறக்குறைய 16 இலக்கங்களை மட்டுமே சரியாகச் சேமிக்கிறது. 50 இலக்கங்களைக் கேட்டாலும் அது காட்டும். ஆனால், பின்னால் வருபவை உண்மையான இலக்கங்கள் அல்ல. இதைத் தவிர்க்க முழு எண்களைப் பயன்படுத்தலாம். பைத்தான் மொழி மிக நீண்ட முழு எண்களையும் துல்லியமாகக் கையாளும். 2-ஐ அடுத்து 200 பூச்சியங்களை இட்டு, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை முழு எண்ணாகக் கண்டால், 2-இன் வர்க்கமூலத்தின் 100 தசம இடங்கள் கிடைக்கும்.

சராசரி முறையில் இதற்கு 8 படிகள் போதும். தொடர் பின்னத்திற்கோ ஏறக்குறைய 130 படிகள் வேண்டும். இரண்டையும் செய்வது அதே கணினிதான். எனவே, வேகத்தைத் தீர்மானிப்பது கருவி மட்டுமன்று. தேர்ந்தெடுக்கும் முறையும் ஆகும். திரையில் தோன்றும் இலக்கங்களில் எத்தனை சரியானவை என்பதை அறிந்த பிறகே அவற்றை விடையாக ஏற்க வேண்டும்.