உங்களுக்குத் தெரியுமா? ரிப்போர்ட் நார்மல், ரத்தம் மட்டும் நிற்கவில்லை!

தொப்புள்கொடி விழுந்த இடத்தில் பச்சிளங்குழந்தைக்கு ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது. பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு உறைதல் சோதனைகளும் நார்மல். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று 13ஆம் உறைகாரணிக் குறைபாடு. ஏறத்தாழ 20 லட்சம் பேரில் ஒருவருக்கே இந்தக் குறை இருக்கும். சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். உறைந்த ரத்தக்கட்டியை இறுக்கிப் பிணைப்பதுதான் 13ஆம் காரணியின் வேலை. கட்டி உருவாகும் நேரத்தை மட்டும் அளக்கும் சோதனைகளில் இந்தக் குறை எப்படிச் சிக்கும்? கட்டியை யூரியா கரைசலில் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல கட்டி 24 மணி நேரமானாலும் கரையாது. இந்தக் காரணி அறவே இல்லாத கட்டி கரைந்துவிடும்.

12ஆம் காரணி நேர் எதிர். அது குறைந்தால் ஏ.பி.டி.டி. தாறுமாறாக நீளும், ரத்தப்போக்கோ வராது.

உறைதல் சோதனைக்காகக் கும்மிடிப்பூண்டியில் எடுத்த ரத்தம் சென்னை ஆய்வகத்துக்குப் போகிறதா? நீல மூடிக் குழாய் கோடு வரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். 9 பங்கு ரத்தத்துக்கு உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறைந்தாலும், 4 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தாலும், இல்லாத நோய் ரிப்போர்ட்டில் தெரியும். அரிய காரணிகளைத் தனித்தனியே அளக்க வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மையங்கள் உண்டு.

அலைச்சல் வீண்போகாது. 13ஆம் காரணி உடலில் பல நாள் தங்கும். சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாலே, இந்தக் குறையால் வரக்கூடிய மூளை ரத்தக்கசிவைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.