மாடி வீட்டுப் பெண் கேட்ட டாப்ளர்

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பத்தரை இருக்கும். மாடி வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். 14 வாரக் கர்ப்பிணி. "அக்கா, உங்ககிட்ட வீட்டுலயே ஹார்ட் பீட் கேக்கற டாப்ளர் மிஷின் இருக்காமே, அத்தை சொன்னாங்க. ரெண்டு நாள் குடுக்கறீங்களா? ஒரே ஒரு தடவை கேட்டுட்டா போதும், தூக்கம் வந்துடும்" என்றாள்.

மிஷின் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில், வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பவும் வரவில்லை. "ஒரே ஒரு தடவை" என்று நினைத்துத்தான் நானும் அதை வாங்கினேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அன்று அவளிடம் சொன்னதும், சொல்ல விட்டுப்போனதும்தான் இந்தக் கட்டுரை.

என் முதல் கர்ப்பம் 10-வது வாரத்தில் முடிந்தது. வலி இல்லை, உதிரப்போக்கு இல்லை, வாந்திகூட நிற்கவில்லை. வழக்கமான ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தேன். அதுவரை பேசிக்கொண்டே கருவியை நகர்த்திய டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஹார்ட் பீட் தெரியலம்மா" என்றார். உள்ளே துடிப்பு நின்றபின் எத்தனை நாள் நான் மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் உடம்பு எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி உண்டானபோது அந்த உடம்பை நான் நம்பத் தயாராக இல்லை. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தைத் தாண்டத்தான் ஆன்லைனில் டாப்ளரை வாங்கினேன். 13-வது வாரத்தில், அடிவயிற்றில் ஜெல்லைத் தடவி, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கருவியை வைத்துச் சாய்த்துச் சாய்த்துத் தேடி, கடைசியில் குதிரை ஓடுவதுபோல் அந்தச் சத்தம் கேட்டபோது நான் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் இப்போதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அது அரை நாள்கூடத் தாங்கவில்லை. காலையில் கேட்டது மதியத்துக்குள் பழசாகிவிடும். "அப்போது இருந்தது சரி, இப்போது?" என்று மனம் கேட்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பது மூன்றாகி, ஆபீஸ் பைக்குள் ஜெல் டப்பாவும் சேர்ந்துகொண்டது. ஒரு சாயங்காலம் முக்கால் மணி நேரம் தேடியும் சத்தம் கிடைக்கவில்லை. கை நடுங்க நடுங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த நர்ஸம்மா ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். பிறகு திட்டினார். "கண்டதையும் நெட்ல பாத்துட்டு ராத்திரியில வந்து நிக்கிறீங்க, இங்க எத்தனை கேஸ் இருக்கு தெரியுமா?"

அவர் களைத்துப்போயிருந்தார், அது எனக்கும் தெரிந்தது. ஆனால் அன்று நான் ஒன்றை மனசுக்குள் முடிவுசெய்துகொண்டேன்: இனி எதுவானாலும் முதலில் வீட்டில் கேட்டுப்பார்த்துவிட்டுத்தான் போவது. அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். அதில் வருவது இதயத்தின் சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியில்லை. ரயில் நெருங்கி வரும்போது ஹாரன் கீச்சென்று உயர்ந்தும், தாண்டிப் போகும்போது சுருதி இறங்கியும் கேட்கிறதல்லவா, அதன் விதியை 1842-இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் எழுதினார், இரட்டை நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில். நம் காதுக்கு எட்டாத ஒலியலையைக் கருவி வயிற்றுக்குள் அனுப்புகிறது. அசைகிற ஒன்றில் பட்டுத் திரும்பும் அலையின் சுருதி மாறியிருக்கும். அந்த மாற்றத்தைத்தான் ஸ்பீக்கர் நமக்குச் சத்தமாக மாற்றித் தருகிறது. அசைகிற எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்: குழந்தையின் இதயம், தொப்புள்கொடி, நஞ்சுக்கு ஓடும் ரத்தம், தாயின் சொந்த ரத்தக்குழாய். எது எதுவென்று பிரித்தறிவது கேட்பவரின் பயிற்சி. பெட்டியோடு அந்தப் பயிற்சி வருவதில்லை.

எண்ணைப் பார்த்தால் தெரியாதா என்று மாடி வீட்டுப் பெண்ணும் கேட்டாள். குழந்தையின் துடிப்பு நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. பெரியவர்களுக்கு 70, 80. ஆனால் கர்ப்ப காலத்தில் தாயின் நாடி தானாகவே கொஞ்சம் ஏறும். பயந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவளுக்கு அது 110-ஐத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. பெட்டியில் தெரிவது அவளுடைய பயத்தின் எண்ணாகவே இருக்கலாம். (இடையே ஒன்று: துடிப்பு வேகமாக இருந்தால் பெண், மெதுவாக இருந்தால் பையன் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் துளியும் உண்மை கிடையாது. அந்தக் கணக்குக்காக யாரும் கருவியைக் கையில் எடுக்க வேண்டாம்.)

என் சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் காலத்தில் வயிற்றில் வைத்துக் கேட்க ஒரு சின்ன ஊதுகுழல் மாதிரிக் குழாய். பிரான்சின் பிரசவ மருத்துவர் அடோல்ஃப் பினார் 1895-இல் வடிவமைத்த குழாயின் வாரிசு அது. சித்தி குழாயில் காதை வைக்கும்போதே இன்னொரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டு தாளமும் வேறுவேறாக இருந்தால்தான் கேட்பது குழந்தை. ஒன்றாக ஓடினால் அது தாய். வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, ஒரு கையில் கருவியும் ஒரு கையில் ஜெல்லுமாக இருந்த நான் ஒருநாளும் என் மணிக்கட்டைப் பார்த்ததில்லை.

2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு மருத்துவர்கள் ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்ததை எழுதினார்கள். குழந்தையின் அசைவு குறைந்ததை அந்தப் பெண் உணர்ந்திருக்கிறார். வீட்டிலிருந்த டாப்ளரை வைத்துப் பார்த்தார். துடிப்பு கேட்டது. நிம்மதியாகிவிட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தை இறந்தே பிறந்தது. அவர் கேட்டது தன் நாடியாகவோ நஞ்சின் ரத்த ஓட்டமாகவோ இருந்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து. அவர் கவனக்குறைவானவர் இல்லை. அசைவு குறைந்ததை முதலில் உணர்ந்தவரே அவர்தான். அவர் உணர்ந்ததைவிடப் பெட்டி சொன்னதை நம்பும்படி ஆகிவிட்டது.

பிரிட்டனில் கிக்ஸ் கவுன்ட் என்ற தொண்டு அமைப்பு இந்தக் கருவிகளின் வீட்டு விற்பனைக்கு எதிராகப் பல வருஷமாகப் பேசிவருகிறது. 2017-இல் அன்டோனெட் சாண்ட்பாக் என்ற எம்.பி. இவற்றைக் கட்டுப்படுத்த ஒரு மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல், மருத்துவர் சொல்லாமல் வீட்டில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஒலியலை திசுக்களைக் கொஞ்சம் சூடாக்கும், நுண்ணிய குமிழிகளையும் உண்டாக்கக்கூடும், அவற்றின் நீண்டகால விளைவு இன்னும் தெரியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இதனால் குழந்தைக்குக் கெடுதல் நேரும் என்று நிரூபணமாகவில்லை. முன்பே பயன்படுத்தியவர்கள் இதைப் படித்துப் புதிதாகப் பயப்பட வேண்டாம். என் கவலை சூட்டைப் பற்றியதல்ல, அந்தச் சத்தம் தருகிற நிம்மதியைப் பற்றியது.

ஏன் என்றால், துடிப்பு கடைசியில் நிற்பது. நஞ்சு சரியாக வேலை செய்யாமல் ஆக்சிஜன் குறையும்போது குழந்தை முதலில் தன் சக்தியை மிச்சம்பிடிக்கிறது. கைகால் ஆட்டுவதைக் குறைக்கிறது. இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. அதனால் அசைவு குறைந்த பிறகும் இதயம் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டாப்ளர் காட்டும் இயல்பான எண்ணும் உண்மைதான், குழந்தை தவிப்பில் இருப்பதும் உண்மைதான். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டி 20 நிமிஷம், 40 நிமிஷம் என்று சி.டி.ஜி. எடுப்பது இதற்காகத்தான். அதில் டாக்டர் பார்ப்பது ஓர் எண்ணை அல்ல. துடிப்பு ஏறி இறங்குகிறதா, குழந்தை அசையும்போது உயர்கிறதா என்று தாளில் ஓடும் கோட்டைப் படிக்கிறார்.

33-வது வாரத்தில் எனக்கே அந்த நாள் வந்தது. வளைகாப்பு முடிந்து சித்தி எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். சாப்பிட்டதும் உருளும் பிள்ளை அன்று மதியத்திலிருந்து சும்மா இருந்தது. ராத்திரி மிஷினை வைத்தேன். 138. சரிதான் என்று படுக்கப் போனேன். "சித்தி, 138 இருக்கு" என்று போகிறபோக்கில் சொன்னேன். அவர் கேட்டார்: "நம்பரை விடு. கடைசியா எப்ப அசைஞ்சுது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"எந்திரி" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் ஆட்டோவில் இருந்தோம். பணியிலிருந்த டாக்டரம்மா சி.டி.ஜி. எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்கே மறுபடி குறைஞ்சாலும் வாங்க. நூறு தடவை வந்தாலும் பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு நான் மிஷினை எடுக்கவில்லை. முன்பு ஒருவர் திட்டியபோது வீட்டிலேயே கேட்டுக்கொள்வோம் என்று பெட்டியிடம் போனேன், இவர் வா என்றதும் பெட்டி தேவைப்படவில்லை. பெண்களைப் பெட்டியை வாங்காதே என்று சொல்வதற்கு முன்னால், பயந்து வருகிறவளை வாசலில் வைத்துத் திட்டாதிருக்க ஆஸ்பத்திரிகள் பழக வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அசைவு பொதுவாக 16 முதல் 24 வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். தலைச்சன் பிள்ளை என்றால் கொஞ்சம் தாமதமாகும். நஞ்சு வயிற்றின் முன்பக்கம் இருந்தாலும் மந்தமாகத் தெரியும். 28 வாரத்துக்குள் உங்கள் பிள்ளை எப்போது விளையாடும், எப்போது தூங்கும் என்பது உங்களுக்கே பழகிவிடும். வயிற்றுக்குள் குழந்தை தூங்குவது 20 முதல் 40 நிமிஷம்தான், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். சந்தேகம் வந்தால் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலை இல்லாமல் கவனியுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு தெரியவில்லையென்றால் கிளம்பிவிட வேண்டும். வழக்கத்தைவிடக் குறைவு என்று மனசுக்கு உறுதியாகத் தெரிந்தால் அந்த 2 மணி நேரம்கூட வேண்டாம். "மாசம் நெருங்கிடுச்சு, உள்ளே இடம் பத்தலை, அதான் அசையல" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அசைவின் விதம் மாறலாம், எத்துவது உருளுவதாக மாறலாம். அசைவு குறையக் கூடாது, வலி எடுக்கும்வரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ராத்திரியில் கேட்க 104 இருக்கிறது, வண்டிக்கு 108 இருக்கிறது.

இதெல்லாம் மாடி வீட்டுப் பெண்ணுக்கு உடனே உதவாது. அவளுக்கு 14 வாரம், அசைவு தெரிய இன்னும் நாள் இருக்கிறது. அந்த இடைவெளிதான் எல்லாவற்றிலும் கொடியது. அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. இந்த வாரங்களில் துடிப்பு நின்றுபோனால் அதைத் தடுக்க மிஷினாலும் முடியாது, டாக்டராலும் பெரும்பாலும் முடியாது. கேட்டுக்கொண்டே இருப்பதால் பிள்ளை காப்பாற்றப்படுவதில்லை. உதிரம் பட்டாலோ, வயிறு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ போக வேண்டும். அது இல்லாத நாளிலும் பயம் தாங்கவில்லையென்றால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்: நடுவில் ஒரு நாள் வரட்டுமா, நர்ஸம்மா ஒரு நிமிஷம் கேட்டுச் சொல்வார்களா என்று. பயத்தைச் சொல்வதே வெட்கம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் பாதி ராத்திரிகள் தூங்கியிருப்பேன்.

அவள் அழுதாள். அவளுக்கும் போன வருஷம் ஒன்று கலைந்திருக்கிறது. மாடியில் ஒருவருக்கும் அதைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லையாம், புதுசா வந்திருக்கும்போது பழசைப் பேசினால் ஆகாதாம். மணி பன்னிரண்டு வரை அந்தப் பழைய பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவள் டாக்டருக்குப் போன் செய்தாள், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். அடுத்த வியாழக்கிழமைக்கும் லீவு சொல்லிவைத்திருக்கிறேன்.