அந்தாலூசிய நீலக் கோழி வளர்ப்பு

அந்தாலூசியக் கோழி என்பது ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியான அந்தாலூசியாவின் பெயரைத் தாங்கிய முட்டைக்கோழி இனம் ஆகும். சாம்பல் கலந்த நீலநிற இறகு இதன் தனி அடையாளம். லெகார்ன், மினோர்கா, அங்கோனா ஆகிய இனங்களோடு இதுவும் மத்தியதரைக்கடல் வகைக் கோழிகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கும் அமெரிக்காவிலும் மேம்படுத்தப்பட்டது. 1874இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் தர நூலில் இடம்பெற்றது.

இந்த இனத்தை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கத் தொடங்குவோர் பலருக்கு முதல் குஞ்சுபொரிப்பிலேயே ஏமாற்றம் ஏற்படுகிறது. நீலச் சேவலும் நீலப் பெட்டையும் இணைந்தும் குஞ்சுகளில் பாதிதான் நீலமாக இருக்கும். விற்றவர் கலப்பினத்தைக் கொடுத்துவிட்டார் என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அது கலப்பின் விளைவு அன்று. நீல நிறத்தின் மரபியல் இயல்பே அதுதான்.

உடலமைப்பு

சேவல் சுமார் 3.2 கிலோவும் பெட்டை சுமார் 2.5 கிலோவும் எடை கொண்டவை. ஒல்லியான உடல், நீண்ட கால்கள், உயர்ந்து நிற்கும் வால் ஆகியவை இவற்றின் தோற்றம். முகமும் கொண்டையும் சிவப்பு, காதுமடல் வெள்ளை. கொண்டை ஒற்றை வரிசையாகப் பெரிதாக இருக்கும். சேவலுக்கு அது நிமிர்ந்து நிற்கும். முட்டையிடும் பெட்டைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் கருநீலக் கரை ஓடும். சேவலின் கழுத்து, முதுகு இறகுகள் ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும்.

முட்டை ஓடு வெள்ளை நிறம். ஆண்டுக்குச் சுமார் 150 முட்டைகளை எதிர்பார்க்கலாம். வணிகப் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் 300 முட்டைகளுக்கு மேல் இடுவதோடு ஒப்பிட்டால் இது பாதிதான். எனவே வருமானத்துக்காக மட்டும் வளர்ப்போருக்கு இது ஏற்ற இனம் அன்று. வீட்டுக்கு முட்டை, இரை தேடித் தின்னும் சுறுசுறுப்பு, அரிய இனத்தைக் காக்கும் மனநிறைவு ஆகிய மூன்றையும் விரும்புவோர் இதைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நீல நிறத்தின் மரபியல்

கோழியின் இறகில் தனியான நீல நிறமி இல்லை. கறுப்பு நிறமியை நீர்த்துப்போகச் செய்யும் ஒரு மரபணுவே நீலத் தோற்றத்தைத் தருகிறது. ஒவ்வொரு கோழியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இந்த மரபணுவின் இரண்டு படிகளைப் பெறுகிறது. நீர்க்கும் வடிவம் ஒன்றுகூட இல்லாத கோழி கறுப்பு. ஒன்று மட்டும் இருந்தால் நீலம். இரண்டும் அதுவாக இருந்தால், வெள்ளைப் பின்னணியில் அங்கங்கே நீலத் திட்டுகள் தெறித்த கோழி. இதைத் 'தெறிப்பு' நிறம் எனலாம். ஒரு பண்பு மற்றொன்றை முழுவதும் மறைக்காமல் இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றம் உண்டாவதை முழுமையற்ற ஓங்குதன்மை என்பர். பள்ளி, கல்லூரி உயிரியல் பாடங்களில் இதற்கு அந்திமந்தாரைப் பூவோடு அந்தாலூசியக் கோழியும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இணைசேர்க்கையின் விளைவுகள் பின்வருமாறு:

- நீலம் × நீலம்: கால் பங்கு கறுப்பு, அரைப் பங்கு நீலம், கால் பங்கு தெறிப்பு
- நீலம் × கறுப்பு: பாதி நீலம், பாதி கறுப்பு
- நீலம் × தெறிப்பு: பாதி நீலம், பாதி தெறிப்பு
- கறுப்பு × தெறிப்பு: அனைத்தும் நீலம்
- கறுப்பு × கறுப்பு: அனைத்தும் கறுப்பு
- தெறிப்பு × தெறிப்பு: அனைத்தும் தெறிப்பு

முற்காலத்தில் வளர்ப்போர் கறுப்புக் குஞ்சுகளையும் தெறிப்புக் குஞ்சுகளையும் கழிவு என ஒதுக்கிவிட்டு, நீலத்தை மட்டும் நீலத்தோடு சேர்த்து வந்தனர். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் 'கழிவு' குறையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மரபியல் அறிஞர்களான வில்லியம் பேட்சன், ரெஜினால்ட் பன்னெட் ஆகியோர் மெண்டலின் விதியைக்கொண்டு இதற்கு விளக்கம் தந்தனர். ஒதுக்கப்பட்ட கறுப்பையும் தெறிப்பையும் இணைத்தால், நீலத்தோடு நீலம் சேர்வதைவிட இருமடங்கு நீலக் குஞ்சுகள் கிடைக்கும் என்பதே அவர்கள் காட்டிய உண்மை.

கூட்டத்தைத் திட்டமிடுதல்

இந்தக் கணக்கு வீட்டில் வளர்ப்போருக்கு நேரடியாகப் பயன்படும். நீலத்தோடு நீலம் சேர்த்து 20 குஞ்சுகள் பொரித்தால், சராசரியாக 10 நீலமாக இருக்கும். அவற்றிலும் பாதி சேவல் என்பதால் நீலப் பெட்டைகள் 5 மட்டுமே. ஒருமுறை பொரிப்பில் இந்த எண்ணிக்கை கூடலாம், குறையலாம். எப்படியும் 20இல் ஏறக்குறைய 10 சேவல்கள் வரும். அவற்றை வளர்ப்பதா, விற்பதா, இறைச்சிக்குக் கொடுப்பதா என்பதை முட்டையைப் பொரிக்க வைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. ஒரு சேவலுக்குச் சுமார் 10 பெட்டைகள் போதும்.

ஒரே சேவல் மட்டும் வைத்திருக்க இடமுள்ளவர்கள் நீலச் சேவலை வைத்துக்கொள்ளலாம். பெட்டை எந்த நிறமாக இருந்தாலும், நீலச் சேவலோடு சேரும்போது குஞ்சுகளில் பாதி நீலமாகவே அமையும். ஆகவே கறுப்புப் பெட்டையையோ தெறிப்புப் பெட்டையையோ கூட்டத்திலிருந்து நீக்க வேண்டிய தேவை இல்லை. அவை முட்டையும் நீலப் பெட்டையைப் போலவே இடும். வரும் குஞ்சுகள் அனைத்தும் நீலமாக வேண்டுவோர் தெறிப்புச் சேவலைக் கறுப்புப் பெட்டைகளோடு விடலாம். ஆனால் அடுத்த தலைமுறைக்கான கறுப்பும் தெறிப்பும் அந்தக் கூட்டத்தில் பிறக்கமாட்டா.

குஞ்சு பொரித்தல்

மத்தியதரைக்கடல் இனங்கள் பொதுவாக அடை உட்காருவதில்லை. முட்டையிடுவது நின்றுபோகாததால் இது ஒரு வகையில் நன்மை. குஞ்சு வேண்டுமானால் வேறு இனத்து அடைக்கோழியின் கீழ் முட்டையை வைக்க வேண்டும். அல்லது இன்குபேட்டர் வேண்டும். காற்று சுழலும் இன்குபேட்டரில் வெப்பநிலை 37.5 பாகை செல்சியசாக இருக்க வேண்டும். முட்டைகளை நாள்தோறும் பலமுறை திருப்பி, 18ஆம் நாளில் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். 21ஆம் நாளில் குஞ்சு பொரியும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 பாகை வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். விளக்கின் கீழ் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது என்றும், விலகி ஓரத்தில் வாயைத் திறந்து நின்றால் வெப்பம் மிகுதி என்றும் பொருள்.

கூடும் வேலியும்

இவை எடை குறைந்தவை, நன்றாகப் பறக்கும். தாழ்ந்த வேலியை எளிதில் தாண்டிவிடும் என்பதால் சுமார் 1.8 மீட்டர் உயர வேலியோ மேலே வலையோ தேவைப்படும். அடைத்து வைத்தால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும் பழக்கம் உண்டாகும். கூட்டுக்குள் கோழிக்கு 0.4 சதுர மீட்டரும், வெளியே உலவ அதைவிடப் பல மடங்கு இடமும் தர வேண்டும். இரவில் அமரும் கட்டையில் ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 25 சென்டிமீட்டர் இடமும், 4 அல்லது 5 பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டியும் போதுமானவை.

பெரிய கொண்டை வெயிலில் உடல் வெப்பத்தை வெளியேற்ற உதவுகிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் அந்தாலூசியாவில் அது பேருதவி. அதே கொண்டை பனிக்கு இடமான நாடுகளில் பலவீனமாகிவிடுகிறது. இரவில் உறைநிலைக்குக் கீழே குளிர் இறங்கும்போது கொண்டை நுனியில் குருதியோட்டம் நின்று கறுத்து உதிர்ந்துவிடும். கூட்டுக்குள் தேங்கும் ஈரம் இந்தக் கேட்டை மிகுவிக்கும். ஆகையால் குளிருக்கு அஞ்சிக் கூட்டை முழுவதும் அடைத்துவிடக் கூடாது. காற்று கோழிகளின் மேல் நேராக வீசாமல், கூரைக்கு அருகே ஈரக்காற்று வெளியேற வழி வைக்க வேண்டும். படுக்கைப் பொருளும் உலர்ந்திருக்க வேண்டும்.

தீவனமும் உடல்நலமும்

குஞ்சுகளுக்குச் சுமார் 20 விழுக்காடு புரதமுள்ள தீவனமும், முட்டையிடும் பருவத்தில் 16 முதல் 17 விழுக்காடு புரதமும் கூடுதல் சுண்ணாம்புச் சத்தும் உள்ள முட்டைக்கோழித் தீவனமும் தர வேண்டும். முட்டையிடத் தொடங்கும் முன்பே முட்டைக்கோழித் தீவனத்தைத் தந்தால் மிகையான சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான கோழி தேவையான அளவு தின்னும்.

பகலில் கட்டையின் விரிசல்களில் ஒளிந்திருந்து இரவில் குருதி உறிஞ்சும் சிவப்புச் சிற்றுண்ணியைக் கவனிக்க வேண்டும். பகலில் கோழியை மட்டும் பார்த்தால் இது தென்படாது. இருட்டிய பின் விளக்கோடு கட்டையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை உள்ளூர்க் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி போட வேண்டும். புதிதாக வாங்கிய கோழிகளைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பின்பே கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

பெட்டைகள் 5 முதல் 6 மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். எந்தச் சேவலோடு எந்தப் பெட்டையை விட்டோம், எத்தனை குஞ்சு எந்த நிறத்தில் வந்தன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, குஞ்சுகளுக்குக் கால்வளையம் இட்டுவந்தால், அடுத்த ஆண்டு இணைசேர்க்கையை ஊகத்தால் அன்றிக் கணக்கால் முடிவு செய்யலாம்.