அப்பா பைக்கில் காலேஜ் போகும் பையனுக்கு இன்சூரன்சு உண்டா?

அச்சரப்பாக்கம்–

திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேர், இந்த ஊரில்தான் அச்சு முறிந்து நின்றதாம். அச்சு இற்றதால் அச்சிறுபாக்கம் என்று பெயர் வந்ததாகத் தல புராணம் சொல்கிறது. பிள்ளையாரைக் கும்பிடாமல் புறப்பட்டதால் வந்த வினை!

சாமியின் தேருக்கே அந்தக் கதி. இன்று அதே ஊரின் ஓரமாக ஜி.எஸ்.டி. ரோடு ஓடுகிறது. காலை நேரத்தில் மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு, தாம்பரம் என்று காலேஜ் மாணவர்கள் பறக்கிறார்கள். பைக்கில் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர்.

2024 மார்ச் மாதம் மதுராந்தகம் அருகே, பஸ் படிக்கட்டில் நின்று சென்ற மாணவர்கள் 4 பேர் பலியானதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"பையனுக்கு இன்சூரன்சு இருக்கா?" என்று எந்த அப்பாவையும் கேட்டுப் பாருங்கள். "வண்டிக்குப் போட்டிருக்கேங்க" என்பார். அங்கேதான் கோளாறு!

வண்டிக்கு உண்டு, பையனுக்கு இல்லை

கட்டாயமாக எடுக்கும் "தேர்டு பார்ட்டி" பாலிசி, நம் வண்டி மோதி அடுத்தவருக்கு நஷ்டம் ஏற்பட்டால் கொடுப்பதற்கு. ஓட்டுகிறவருக்கு அதில் பங்கு இல்லை.

அதோடு சேர்த்து எடுக்கும் ரூ.15 லட்சம் விபத்துப் பாதுகாப்பு யாருக்கு? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள சொந்தக்காரருக்கு. அவரே ஓட்டியிருக்க வேண்டும். அவரிடம் லைசென்சும் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் அப்பா பெயர், ஓட்டியது மகன் என்றால் அந்த 15 லட்சத்தில் ஒரு பைசா வராது.

இரவல் வண்டி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் இடத்தில் இருக்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் தீர்ப்புக் கூறியது. வெறும் "தேர்டு பார்ட்டி" பாலிசியில் பின் சீட்டில் ஓசியில் வருகிறவருக்கும் கிடையாது என்று 2006-லேயே சொல்லிவிட்டது.

எதிரே வந்த லாரி மீது தப்பு என்றால், லாரியின் இன்சூரன்சில் கேட்கலாம். மாடு குறுக்கே வந்து தானாகச் சறுக்கி விழுந்தால்? கேட்க ஆளே இல்லை.

பையன் 18 வயது முடிந்து லைசென்சும் வாங்கிவிட்டால் வண்டியை அவன் பெயருக்கே மாற்றி, சொந்தக்காரர் விபத்துப் பாதுகாப்பையும் அவன் பெயரில் எடுக்கலாம். இல்லையேல் அவனுக்குத் தனி விபத்து பாலிசி வேண்டும். தபால் ஆபீசிலேயே ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்கு விபத்து பாலிசி கிடைக்கிறது.

20 ரூபாய்!

அதுவும் முடியாதவர்களுக்கு, பாங்கியில் உள்ள பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்தது, 2022 ஜூன் முதல் 20 ரூபாய். இரண்டு டீ விலை! விபத்தில் உயிர் போனால் ரூ.2 லட்சம். ஒரு கையோ, காலோ, ஒரு கண்ணோ போனால் ரூ.1 லட்சம். பாம்புக் கடிக்கும் உண்டு, மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போய் மூழ்கினாலும் உண்டு. ஆனால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டால் ஒன்றும் வராது.

18 வயது முடிந்திருக்க வேண்டும். 17 வயதில் முதலாண்டு சேரும் பிள்ளைகள் பிறந்த நாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் மாணவர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பாலிசி ஆண்டு ஜூன் 1-ந் தேதி தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் பாங்கி தானாகவே பணத்தை எடுத்துக்கொள்ளும். ஸ்காலர்ஷிப் வந்ததும் கணக்கைத் துடைத்து வைக்கிற பிள்ளைகளிடம் அன்றைக்கு 20 ரூபாய் இருக்குமா? இல்லையென்றால் பாலிசி போச்சு!

ரெயிலில் போகிறவர்களுக்கு

முன்பதிவு டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்கும்போது 45 பைசாவுக்கு ரூ.10 லட்சம் இன்சூரன்சு வருகிறதே, அது சீசன் டிக்கெட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் சீசன் டிக்கெட் மாணவர் அனாதை அல்ல. ஓடும் ரெயிலில் இருந்து தவறி விழுந்து இறந்தால் ரெயில்வே சட்டப்படி நஷ்டஈடு உண்டு. 2017 முதல் அது ரூ.8 லட்சம். ஓராண்டுக்குள் ரெயில்வே தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சீசன் டிக்கெட் பையில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் நிரூபிக்கிற வேலை குடும்பத்தின் தலையில் விழும். (இதைப் படித்துவிட்டு யாரும் படியில் தொங்க வேண்டாம். அதற்கு அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு.)

ஆஸ்பத்திரி செலவு

ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தை முதல்–அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 டிசம்பர் 18-ந் தேதி தொடங்கி வைத்தது பக்கத்து ஊரான மேல்மருவத்தூரில்தான். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். தொடங்கியபோது உச்சவரம்பு ரூ.1 லட்சம்.

48 மணிக்குப் பிறகு? ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு முதல்–அமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. மறைமலைநகர் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், படிக்கும் மகனுக்கு 21 வயது வரை வைத்தியம் பார்ப்பார்கள். 21-வது பிறந்த நாளோடு அது நின்றுவிடும் என்பதைப் பலர் ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இரண்டும் இல்லாதவர்கள் தனியாக மருத்துவ பாலிசி எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

கடன் மட்டும் சாகாது

கல்விக் கடன் பத்திரத்தில் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிள்ளை போய்விட்டாலும் கடன் அவர்கள் மேல் நிற்கும். கடன் வாங்கும்போதே மாணவர் பெயரில் ஆயுள் பாலிசி சேர்த்தார்களா என்று மானேஜரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பாங்கியிலேயே ஆண்டுக்கு ரூ.436-ல் ஜீவன் ஜோதி பாலிசி இருக்கிறது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்துச் சாவுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று. காலேஜ் பீஸ் ரசீதை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் "இன்சூரன்சு" என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். எந்தக் கம்பெனி, பாலிசி நம்பர் என்ன, காலேஜுக்கு வெளியே நடந்தாலும் உண்டா என்று ஆபீசில் கேட்டு எழுதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து பீரோவில் வையுங்கள்.