குளிர்காலக் காலையில் நீர்த்தேக்கக் கரை

பெங்களூருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாகடி வட்டத்தில், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே மஞ்சனபெலே அணை அமைந்துள்ளது. மார்கழியிலோ தையிலோ, வானம் தெளிந்த ஓர் இரவு கழிந்தபின், சூரியோதயத்திற்கு முன் இதன் கரையில் நடப்பவர் ஒரு விநோதத்தைக் காணக்கூடும். நீர்ப்பரப்பினின்றும் உலைப்பானையில் எழுவதுபோல் வெண்புகை எழும். வடமேற்கே சாவனதுர்க்க மலையின் அடிவாரம் மூடுபனியில் மறைந்திருக்க, உச்சி மட்டும் துலக்கமாகத் தெரியும். கைகால் விறைக்கும் அவ்வேளையில் நீரில் விரலை வைத்தால் வெதுவெதுப்பாகத் தோன்றும்.

சாவனதுர்க்கம் 1,226 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த பாறை. கல் விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். சம எடையுள்ள கல்லையும் நீரையும் ஒரு டிகிரி சூடாக்குவதானால், கல்லுக்கு வேண்டியதைப்போல் சுமார் 5 மடங்கு உஷ்ணம் நீருக்கு வேண்டும். ஆதலால் இரவில் பாறை வானை நோக்கித் தன் உஷ்ணத்தை இழந்து குளிர்ந்துவிட, நீரோ பகலில் பெற்றதைப் பெரும்பாலும் காத்து வைத்திருக்கிறது. பாறையைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமடைந்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. நீரினின்று எழும் ஆவி அக்குளிர்காற்றிற் கலந்து நுண்துளிகளாகிறது. நாம் வெண்புகையாகக் காண்பது அதுவே.

இவ்வாறு கீழே குளிர்ச்சியும் மேலே வெப்பமுமாகக் காற்று நிற்பதற்கு ‘உஷ்ணத் தலைகீழ்’ என்று எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் வேலை முடிந்துவிடும். மாணவனுக்கு ஒன்றும் விளங்காது. கிராமத்து அடுப்புப் புகை சிறிது உயர்ந்து, பின் மேலே செல்லாமல் பாய் விரித்தாற்போல் பரவி நிற்பதைக் காட்டினால் உடனே விளங்கும்.

நீருக்குள் நடப்பது இதனினும் முக்கியமானது. கோடையில் மேல்நீர் சூடாகி இலேசாக மிதக்கும். அடிநீர் அதனோடு கலவாது. அடியில் அழுகும் பொருள்கள் அங்குள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடும். குளிர்காலத்தில் மேல்நீர் ஆறிக் கனமடைந்து கீழிறங்க, அடிநீர் மேலே வருகிறது. 4 டிகிரி சென்டிகிரேடில் நீர் மிகுந்த அடர்த்தி அடைகிறது என்ற பாடம் குளிர்நாட்டு ஏரிகளுக்குப் பொருந்தும். பெங்களூரில் காற்றே அதிகக் குளிர்ச்சியாகப் பதிவானது 1884 ஜனவரியில், 7.8 டிகிரி.

நீர் தூயதாயின் இக்கலப்பு நன்மையே. கழிவு படிந்த நீராயின், பிராணவாயுவற்ற அடிநீரும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவும் மேலெழும். விடியுமுன் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதை விளையாட்டென எண்ணுதல் தவறு. அவை மூச்சுக்குத் திணறுகின்றன. வெளி ஊழியர்கள் இக்காட்சியைக் கண்டால் இடம், நேரம், நீரின் நிறம், நாற்றம் ஆகியவற்றை அன்றே குறித்தல் வேண்டும். இதே ஆற்றில் மேலேயுள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் 1933 முதல் பெங்களூருக்குக் குடிநீர் அளித்தது. சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து மாசு மிகுந்தமையால் 2012-இல் நீர் எடுப்பது நிறுத்தப்பட்டது. அந்த ஆறுதான் மஞ்சனபெலேக்கும் வருகிறது.

ஆசிரியர்கள் மாணவரைக் கரையோடு நிறுத்துக. இந்நீரில் இறங்கிப் பலர் மாண்டுள்ளனர். சோதனைக்குக் கைப்பிடிச் சுவருள்ள கிணறு போதும். ஒரு புட்டியின் அடியில் கல்லையும் கழுத்தில் கயிற்றையும் கட்டி, தக்கையில் தனி நூல் இணைத்து இறக்குக. வேண்டிய ஆழத்தில் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று நீர் புகும். குமிழிகள் நின்றதும் விரைவாக மேலே தூக்கி, உஷ்ணமானியை இட்டுப் பார்க்கவும். மேல்நீரும் அடிநீரும் ஒரே அளவு காட்டினால் நீர் கலந்துவிட்டது எனலாம். வேறுபட்டால் அடுக்கு இன்னும் கலையவில்லை. படகு வசதியுள்ள மீன்துறையினர் இதையே நீர்த்தேக்கத்தின் நடுவில், ஐந்து மீட்டருக்கு ஒருமுறை, வாரந்தோறும் செய்து வரலாம்.